முடக்குவாதமும் கைத்தொழிலாளர் கடமையும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இம்மேடையில் கல்வியைப் பற்றியும் தொழில் அபிவிருத்தியைப் பற்றியும் அறிஞர் பலர் பேசக் கேட்டீர்கள். யாம் அத்தகைய அறிஞர் அல்லோம். முப்பது ஆண்டுகளாகக் காஞ்சிபுரத்தில் குழித்தறியில் அமர்ந்து பட்டு நெய்து ஜீவித்துவரும் ஒரு தொழிலாளியேயாவோம். நம் காரியதரிசி அவர்கள் எம் இல்லத்துக்கு வந்து, "தாங்கள் பட்டதைச் சபையில் எடுத்துரைக்க வேண்டும், அதனால் நான்கு பேருடைய கைகளாவது பிழைக்கும்" என்று வற்புறுத்தியமையால் இங்கு வந்து நிற்கின்றோம். எடுத்துக்கொண்ட பொருள் முடக்குவாதம் என்னும் வியாதி. சொல்லவந்த கருத்தோ ஒன்றேயாம். அஃதாவது, இவ்வியாதியை மறைக்கலாகாது என்பதே.

2022ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒருநாட்காலை, அறுந்த இழையொன்றை முடிபோட முயன்றபொழுது எம் விரல்கள் மடங்க மறுத்தன. இரவு குளிரில் உறங்கியதனால் நேர்ந்த பிடிப்பு என்றே எண்ணினோம். மறுநாளும் அவ்வாறே இருந்தது. சின்னாட்களில், காப்பி குடிக்கும் லோட்டாவை இரு கைகளாலும் பற்றவேண்டிய நிலை வந்தது. விடியற்காலையில் விறைத்த கைகள் பத்து மணிக்குமேல் சிறிது இளகும். ஆதலின், ஆறு மணிக்குத் தறியில் இறங்கும் வழக்கத்தை விட்டுப் பத்து மணிக்கு இறங்கத் தொடங்கினோம். கேட்டவரிடமெல்லாம் கோயிலுக்குப் போயிருந்ததாகக் கூறினோம். பக்திமான் என்று ஊரார் எம்மைப் புகழவும் தலைப்பட்டனர்!

ஏன் மறைத்தோம்? இச்சபையில் உள்ளோர்க்கு அதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தறி கொடுத்த முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தோம். கை பழுதென்று தெரிந்தால் பாவு வேறொருவருக்குப் போய்விடும். வீட்டில் மணப்பருவத்துப் பெண் இருந்தாள்; தந்தைக்கு வாதம் என்று தெரிந்தால் சம்பந்தம் பேச வருவோர் வாசலோடு திரும்பிவிடுவர். இவ்விரண்டு அச்சங்களும் எம் வாயைக் கட்டின. உங்களுள் எத்தனை பேருடைய வாயை இவை கட்டியிருக்கின்றனவோ, அதனை உங்கள் மனச்சாட்சியே அறியும்.

இடையில் ஒருவர் சொல்லக்கேட்டு, பெயரெழுதாத பொட்டலத்தில் மடித்துத் தந்த மாத்திரைகளை வாங்கி உண்டோம். மூன்றே நாளில் வீக்கம் வடிந்தது. இளமை திரும்பிற்று என்று மகிழ்ந்தோம். மூன்று திங்களில் முகம் ஊதிற்று. இரத்தத்தில் சர்க்கரை ஏறிற்று. அது ஸ்டீராய்டு என்று பின்னரே அறிந்தோம். இம்மருந்தைக் குறை கூறுவதற்கில்லை. அமெரிக்காவில் டாக்டர் பிலிப் ஹென்ச் என்பார் 1948ஆம் ஆண்டு முடக்குவாத நோயாளி ஒருவர்க்குக் கார்ட்டிசோன் கொடுக்க, அசைய இயலாதிருந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்தனர். அதன் பொருட்டு 1950இல் அவர்க்கும் வேறிருவர்க்கும் நோபல் பரிசு கிடைத்தது. எனினும், நெடுநாள் உட்கொண்டால் எலும்பைக் கரைத்துப் பல தீங்குகளை விளைக்கும் என்பதும் விரைவில் வெளியாயிற்று. வைத்தியர் அளந்து தருவது ஒன்று. பொட்டலத்தில் ஒளிந்து வருவது வேறொன்று. அதனைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்தாகும்.

ஊரார்க்கு மறைத்தோம், ஆனால் நெய்த சேலை எம்மைக் காட்டிக்கொடுத்தது. பலகை அடிக்கும் கையில் வலுக் குன்றவே, ஊடையின் நெருக்கம் ஓரிடம் இறுகியும் ஓரிடம் தளர்ந்தும் போயிற்று. முதலாளி சேலையை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்து, "இஃது உம்முடைய கை வேலை அன்றே!" என்றார். கூலியிலும் பிடித்தம் செய்தார். அன்றிரவு எம் மனைவியார், "ஊருக்கு மறைக்கலாம், தறிக்கு மறைக்க இயலுமோ? நாளைக் காலையில் புறப்படுங்கள்" என்றார். பெரிய மருத்துவமனைக்கு எம்மை அழைத்துச் சென்றவர் அவரே.

சோதனைகள் முடிந்து வியாதியின் பெயரைக் கேட்டபொழுது, காலடியில் இருந்த பூமி விலகினாற்போல் இருந்தது. "இனி நெய்யலாமா?" என்பதே யாம் கேட்ட முதற்கேள்வி. வைத்தியர் எம் வலக்கையைத் தூக்கிப் பார்த்து, "ஒன்பது மாதங்களுக்கு முன்னரே வந்திருந்தால் இவ்விரண்டு விரல்களும் கோணியிரா. மற்ற எட்டையும் காப்பாற்றப் பார்ப்போம்" என்றார். யாம் காத்த இரகசியத்தின் விலை இரண்டு விரல்கள்.

அன்பர்களே! இவ்வியாதியின் இயல்பைச் சிறிது கூறுவோம். முடக்குவாதம் என்பது பக்கவாதம் அன்று. முதுமையில் முழங்கால் தேயும் நோயும் அன்று. நம் தேகத்தில் நோய்க்கிருமிகளை எதிர்க்கும்படி அமைந்த காவற்படையே, மதிமயங்கி, மூட்டுகளின் உட்புறத்து மென்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடித்துக் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தலைப்படுகின்றது. இது முதியோர்க்கே வருவதன்று. உழைக்கும் பருவத்தினரையும் பற்றும். ஆடவரினும் பெண்டிர்க்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக வருகின்றது. 2019-20இல் எடுத்த நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கின்படி, இத்தொழிலைச் சார்ந்த 35 லட்சம் பேரில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் பெண்டிரே. ஆதலின் இவ்விஷயம் நம் தாய்மார்களையே பெரிதும் சார்ந்தது. தார் சுற்றும் கை வலித்தாலும் அடுப்படியில் ஒருவரிடமும் சொல்லாது பொறுப்பவர் அவரேயன்றோ?

அடையாளங்கள் யாவை? காலையில் எழுந்ததும் அரைமணி, ஒரு மணிக்கு மேற்பட்டும் நீங்காத விறைப்பு, விரல்களின் அடிக்கணுவிலும் நடுக்கணுவிலும் மணிக்கட்டிலும் வீக்கம், பெரும்பாலும் இரண்டு கைகளிலும் ஒருங்கே தோன்றுதல், காரணமறியாத களைப்பு. இவை ஆறு வாரம் நீடித்தால் ஒருநாளும் தாமதியாமல் வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும். இரத்தத்தில் முடக்குவாதக் காரணியையும் வேறு சிலவற்றையும் சோதித்து, எக்ஸ்ரே எடுத்துத் தீர்மானிப்பர். சென்னை இராசீவ்காந்தி அரசு பொது மருத்துவமனையில் இந்நோய்களுக்கெனத் தனித்துறையே உண்டு. எலும்பரிப்புப் பலர்க்கு முதல் இரண்டாண்டுகளுக்குள்ளேயே தொடங்கிவிடுதலின், மூன்று திங்களுக்குள் சிகிச்சை தொடங்குதல் நலம் என்று இத்துறையில் தேர்ந்தோர் வற்புறுத்துகின்றனர். இது தொற்றுநோய் அன்று. தந்தைக்கு வந்தால் மகளுக்கு வந்தே தீரும் என்பதும் தவறு. நோயுற்றோரின் மக்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு இது வருவதேயில்லை. இதனைச் சம்பந்தம் பேசும் பெரியோர்கள் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

எமக்குத் தந்த முக்கிய மருந்து மெத்தோட்ரெக்சேட் என்பது. 1980ஆம் ஆண்டுகளில் இந்நோய்க்கு ஏற்றதென நிலைபெற்று இன்றளவும் முதலிடம் வகிப்பது. இதனை வாரத்தில் ஒருநாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து நேரிடும். ஆதலின் இதனை இருமுறை கூறுகின்றோம்: வாரத்தில் ஒருநாளே! எம் வீட்டில் அது செவ்வாய்க்கிழமை. நாட்காட்டியில் எம் மகள் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறாள். உடன் போலிக் அமில மாத்திரையும் தருவர். இடையிடையே இரத்தத்தையும் கல்லீரலின் நிலையையும் சோதித்தல் அவசியம். மதுபானம் விலக்கத் தக்கது. கருவுற விரும்பும் பெண்டிர் முன்னரே வைத்தியரிடம் கூறி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்றாம் வாரத்தில் வெறுத்து நிறுத்துவோர் பலர். புகைபிடித்தல் இந்நோயை வளர்ப்பதோடு மருந்தின் வேகத்தையும் குறைக்கும். நாட்டு மருந்து உண்போர் இரு வைத்தியர்க்கும் இரண்டையும் மறையாது சொல்லுதல் வேண்டும். மறைத்ததே எமது முதற்பிழை என்பதை மறவாதீர்கள்.

இனி, தொழிலைப் பற்றிக் கூறுவோம். பிரான்சு தேசத்து ஓவியர் ரெனுவார் என்பார் ஏறக்குறைய 1892ஆம் ஆண்டு முதல் இதே வியாதியால் வருந்தினார். விரல்கள் உள்ளங்கையோடு மடங்கிப் போயின. பிறர் தூரிகையைக் கையிற் பொருத்திக் கொடுக்க, 1919இல் இறக்குமளவும் ஓவியம் தீட்டினார். அவர் காலத்தில் இந்நோயைத் தடுக்கும் மருந்தே இல்லை. நமக்கோ இருக்கின்றது. ஆயினும் அவரிடம் கற்கவேண்டுவது ஒன்றுண்டு. கை மாறினால் வேலை செய்யும் முறையையும் மாற்ற வேண்டும் என்பதே அது.

தெலுங்கு நாட்டிலே நம்மைப் போன்ற நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர் சிந்தகிந்தி மல்லேசம். போச்சம்பள்ளிச் சேலைக்குச் சாயமிடுமுன் நூலை முளைகளின்மீது முன்னும் பின்னுமாகக் கையால் சுற்றவேண்டும். ஒரு சேலைக்கு ஏறக்குறைய 9,000 முறை கை போய்வர வேண்டும் என்பர். அவ்வேலையால் தம் அன்னையார்க்குத் தோளும் முழங்கையும் வலிக்கக் கண்டு பொறாராய், பல ஆண்டுகள் முயன்று 1999இல் ஓர் இயந்திரத்தை அமைத்தார். அதற்குத் தம் அன்னையாராகிய லட்சுமியின் பெயரையே இட்டார். 2017இல் அவர்க்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. "வலியைப் பொறுத்துக்கொள்" என்று தாய்க்கு உபதேசியாமல், வலிக்கும் வேலையைக் கருவியிடம் ஒப்படைத்தார் அன்றோ!

யாமும் எம்மளவில் அவ்வாறே செய்தோம். ஜக்கார்டைத் தூக்க மோட்டார் பொருத்தினோம். நாடாவை ஓட்டும் கயிற்றின் பிடிக்குத் துணி சுற்றிப் பருமனாக்கினோம். மெல்லிய பிடியைவிடப் பருத்த பிடி விரலுக்கு இதமாயிருக்கின்றது. வெந்நீரில் கைகளை நனைத்து, விறைப்பு நீங்கிய பின்னரே தறியில் இறங்குகின்றோம். அரைமணிக்கொருமுறை நிறுத்தி இளைப்பாறுகின்றோம். வீக்கம் மிகுந்த நாட்களில் கைக்கு ஓய்வு; குறைந்த நாட்களில் வைத்தியசாலையில் கற்பித்த விரற்பயிற்சி. பழைய பாவோடு புதிய பாவின் இழைகளைத் திரித்து இணைக்கும் வேலையை விட்டுவிட்டோம். அதனை எம் மனைவியார் செய்கின்றார்.

உண்மையை ஒளியாது உரைப்போம். பதினைந்து நாளில் முடித்த சேலைக்கு இப்பொழுது இருபத்தைந்து நாள் ஆகின்றது. குறைந்த வருமானத்தை, கட்டம் போட்ட தாளில் கரைக்கும் உடலுக்கும் புட்டா வரைந்து கொடுத்தும், இரண்டு இளைஞர்க்குக் கோர்வை கற்பித்தும் ஓரளவு ஈடுசெய்கின்றோம்; முழுதும் ஈடாகவில்லை. முதலாளியிடம் சென்று எல்லாவற்றையும் சொன்னோம். அவர் நெடுநேரம் மௌனமாயிருந்து, "முன்பே சொல்லியிருக்கலாகாதா?" என்று மட்டும் கேட்டார். முன்பணத்தைச் சிறு தவணைகளாகக் கழிக்க இசைந்தார். எம் மகளின் விவாகமும் நடந்தேறியது. மாப்பிள்ளை வீட்டாரிடம் நிச்சயதார்த்தத்துக்கு முன்னரே யாமே கூறிவிட்டோம்.

நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இன்று சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கின்றனர். அவர்கள் அறியவேண்டிய சட்டம் ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி, பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரைப் பணியினின்று நீக்கவோ தரம் இறக்கவோ கூடாது. பழைய வேலைக்கு ஏலாதவராயின், அதே ஊதியத்துடன் வேறு பணிக்கு மாற்றவேண்டும். ஆனால் தறிக்குழியில் இருப்பவனுக்கு அத்தகைய காவல் ஏது? அவனுக்குக் காவல் இச்சங்கமே.

ஆதலின், மூன்று விண்ணப்பங்களை இச்சபைமுன் வைக்கின்றோம். முதலாவது: கை வீக்கம் ஆறு வாரம் நீடித்த அங்கத்தினர் எவரையும், ஆணாயினும் பெண்ணாயினும், மருத்துவமனைக்கு உடனழைத்துச் செல்ல ஊர்தோறும் ஒருவரைச் சங்கம் நியமித்தல் வேண்டும். இரண்டாவது: தறி கொடுக்கும் முதலாளிமார்களாகிய அங்கத்தினர்கள், நோயுற்றவரிடம் ஓராண்டு முன்பணத்தைக் கேளாது, அவர் கைக்கேற்ற வேலையைத் தருதல் வேண்டும். மூன்றாவது: மோட்டாரும் தார் சுற்றும் இயந்திரமும் வாங்கச் சங்க நிதியினின்று வட்டியில்லாக் கடன் அளித்தல் வேண்டும். பொருளுள்ளோர் இம்மூன்றாவதைக் கேட்டு முகம் சுளிக்கலாம். நெய்யும் கை ஒன்று விழுந்தால் சங்கத்துக்கு வரும் சந்தாவும் ஒன்று விழும் என்பதை அவர்கள் கணக்கிட்டுப் பார்ப்பாராக.

இச்சபையில் இப்பொழுது தம் கைகளை மேலாடைக்குள் மறைத்துக்கொண்டு இருப்பவர் எவரேனும் இருக்கலாம். அவர்க்குத் தனியே ஒரு வார்த்தை. கூட்டம் முடிந்ததும் எம்மிடம் வாருங்கள். எவரும் அறிய வேண்டுவதில்லை. கோணிய எம் விரல்களைப் பாருங்கள். நேராயிருக்கும் உங்கள் விரல்களையும் பாருங்கள். அடுத்த திங்கட்கிழமை யாம் மருந்துக்காக மருத்துவமனை செல்கின்றோம். பேருந்தில் எமக்கருகே ஓர் இடம் இருக்கும்.