பச்சைக் குளமும் பழுப்புக் கறையும்



2016 ஆகஸ்ட் 9. ரியோ ஒலிம்பிக்கில் 10 மீட்டர் மேடையிலிருந்து இணையாகக் குதித்து, நம் மலேசியாவின் பண்டெலேலா ரினோங்கும் சியோங் ஜுன் ஹூங்கும் வெள்ளிப் பதக்கம் வாங்கிய நாள். அன்று தொலைக்காட்சி பார்த்தவர்களுக்குப் பதக்கத்தோடு இன்னொன்றும் நினைவிருக்கும். முந்தின நாள்வரை நீலமாக இருந்த முக்குளிப்புக் குளம், அன்று பச்சைப் பசேலென்று கிடந்தது.

பாசி என்றார்கள், காரத்தன்மை என்றார்கள். உண்மை வெளிவர இன்னும் சில நாளானது. தொடக்க விழா நாளில் ஒப்பந்தக்காரர் ஒருவர் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றியிருக்கிறார். அதுவும் கிருமிநாசினி, குளோரினும் கிருமிநாசினி. ஆனால் இரண்டும் ஒரே தண்ணீரில் சேர்ந்தால் ஒன்றை ஒன்று முறித்துவிடும். குளோரின் செத்தது, பாசி பிழைத்தது. கலை நீச்சல் நடக்கவிருந்த பக்கத்துக் குளமும் பச்சையாகிவிட, அதில் கிட்டத்தட்ட 37 லட்சம் லிட்டர் தண்ணீரை இறைத்துவிட்டு வேறு தண்ணீர் நிரப்ப வேண்டியதாயிற்று.

ஒலிம்பிக் குளத்துக்கே இந்தக் கதி. வீட்டிலோ ஹோம்ஸ்டேயிலோ சின்னதாக ஒரு குளம் வைத்திருப்பவர்கள், தண்ணீர் நிறம் மாறியதும் கைக்கு எட்டிய வாளியைத் தூக்குவதில் ஆச்சரியமில்லை. அந்த வாளியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பைப் தண்ணீருக்குக் காசு அதிகம் என்று போர் போட்டுக் குளத்தை நிரப்புகிறோம். இறைக்கும்போது தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். குளோரின் போட்ட மறுநாள் பார்த்தால் தேநீர் நிறம். இன்னும் இரண்டு நாளில் படிக்கட்டிலும் தரையிலும் பழுப்புத் திட்டுகள். “குளோரின் போதவில்லை” என்று இன்னொரு வாளி போகிறது. திட்டு இன்னும் கருக்கிறது.

நடந்தது இதுதான். நிலத்தடியில் காற்றுப் படாமல் கிடக்கும் நீரில் இரும்பு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும். நம் மண்ணில் இரும்புக்குப் பஞ்சமா என்ன? சிகாமட் பக்கத்துத் தோட்டப்புறச் செம்மண்ணைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளோரின் பட்டதும் அந்த இரும்பு துருவாக மாறி வெளியே வந்துவிடுகிறது. கறையைப் போக்க ஊற்றிய மருந்தேதான் கறையை உண்டாக்கியது.

ஒரு கணக்குப் பாருங்கள். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் என்றால் 38,400 லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு ஒரே ஒரு மில்லிகிராம் இரும்பு இருந்தாலும் குளத்துக்குள் 38 கிராம் இரும்பு இறங்கிவிட்டது. குடிநீரில் நம் சுகாதார அமைச்சு அனுமதிக்கும் அளவு 0.3 மில்லிகிராம்தான். ஆகவே குளோரின் டப்பா வாங்கும் முன்னால் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதிக்கக் கொடுங்கள்.

எல்லாக் கறையும் இரும்பு அல்ல. கரையோரம் கெத்தாப்பாங் மரம் நின்றால் அதன் இலை விழுந்த இடத்திலும் பழுப்பு அச்சு விழும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வெள்ளை வைட்டமின் சி மாத்திரை போதும். ஆரஞ்சு நிறத்தில் குழந்தைகள் சப்பும் மாத்திரை வேண்டாம், அதுவே சாயம் விடும். மாத்திரையைக் கறைமேல் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அந்த இடம் வெளுத்தால் இரும்பு. வெளுக்காமல், கொஞ்சம் குளோரின் பட்டதும் மங்கினால் இலைக்கறை. நீலப்பச்சைக் கறையாக இருந்தால் செம்பைச் சந்தேகியுங்கள். அது பெரும்பாலும் பாசி மருந்திலிருந்து வரும். மலிவான பாசி மருந்துகள் பலவற்றில் இருப்பது மயில்துத்தம். மாதாமாதம் அதை ஊற்றும் பழக்கம் எனக்குச் சற்றும் பிடிக்காது. குளோரினும் பிஎச்சும் ஒழுங்காக இருந்தால் அதற்கு வேலையே இல்லை.

பிஎச் 7.2க்கும் 7.6க்கும் நடுவில் நிற்கட்டும். 8ஐத் தொட்டால் குளோரினில் கால் பங்குகூட உருப்படியாக வேலை செய்யாது. துருவும் சுண்ணாம்பும் படிவதும் அப்போதுதான். 7க்குக் கீழே போனால் தண்ணீர் உலோகக் குழாயை அரிக்கும். பிஎச் ஒரு நிலையில் நிற்க உதவுவது காரத்தன்மை, அது லிட்டருக்கு 80 முதல் 120 மில்லிகிராம் இருக்கட்டும். நம்மூர்ப் பேய்மழை இரண்டு நாள் பெய்தால் அது நீர்த்துக் குறையும். ஆப்பச் சோடா அதை ஏற்றிவிடும்.

இரும்புக்கறைதான் என்று உறுதியானால், குளோரினை ஏறத்தாழ பூஜ்ஜியத்துக்கு இறங்க விடுங்கள். மோட்டார் ஓடும்போது, நான் சொன்ன அளவுள்ள குளத்துக்கு அரைக் கிலோ அஸ்கார்பிக் அமிலத்தூள், அதாவது அதே வைட்டமின் சி, கறையுள்ள பக்கமாகத் தூவுங்கள். கறை கண்ணெதிரே கரையும். கரைந்ததே தவிர இரும்பு குளத்தைவிட்டுப் போகவில்லை. அதனால் அன்றே மெட்டல் ரிமூவர் என்று கடையில் விற்கும் மருந்தையும் சேர்க்க வேண்டும். பெயர்தான் ரிமூவர், அது எதையும் வெளியேற்றாது. இரும்பைப் படியவிடாமல் பிடித்துவைக்கும், அவ்வளவே. வாரந்தோறும் கொஞ்சம் சேர்த்துவர வேண்டும். அமிலம் பிஎச்சை இறக்கியிருக்கும், அதைச் சரிசெய்த பிறகு குளோரினைச் சிறுகச் சிறுக ஏற்றுங்கள். அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டினால் கறை திரும்ப வந்து உட்காரும். குளோரின் ஏறும்வரை யாரையும் இறக்காதீர்கள்.

ஆசிட்டையும் குளோரினையும் ஒரே வாளியில், ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள். கலந்தால் கிளம்பும் வாயு நுரையீரலைத் தின்றுவிடும்.

“இவ்வளவு வம்பு எதற்கு, தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டுப் புதிதாக நிரப்பலாமே” என்று கேட்பவர்கள் உண்டு. மறுபடி அதே போர் தண்ணீர்தானே வரும்? அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. ஆற்றோரமும் கடலோரமுமான தாழ்ந்த நிலத்தில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். குளத்தில் தண்ணீர் இருக்கும்வரை அதன் எடை அடிநீரைத் தடுத்து நிறுத்தும். காலியானால் அடிநீர் குளத்தையே மேலே தள்ளும். ஃபைபர் குளம் என்றால் மண்ணைவிட்டுக் கிளம்பிவிடும், கான்கிரீட் என்றால் தரை வெடிக்கும். மழைக்காலத்தில் இறைக்கவே இறைக்காதீர்கள். மற்ற நாளிலும் குளம் கட்டத் தெரிந்த ஒருவரைக் கேட்காமல் மோட்டாரைப் போடாதீர்கள்.