பழைய கட்டில் கோழிக்கூடு ஆன கதை
(கீழப்பழுவூரில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



கடன், வட்டி, தீர்மானம் எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போ கொஞ்சம் கொல்லைப்பக்கம் போவோம். கால் ஒடிந்த பெஞ்சு, நாடா அறுந்த கட்டில், துருப்பிடித்த பீரோ யார் வீட்டில்தான் இல்லை? பழைய இரும்புக்காரர் குரல் கேட்டதும் தூக்கிப் போட்டுவிடுகிறோம். அந்தக் காசு அன்னிக்குச் சாயங்காலமே எங்கே போகுதுன்னு உங்களுக்கே தெரியும்.

எங்கள் குழுவில் ஒரு சகோதரியின் மாமியார் இறந்துபோனார். அவர் கடைசியாகப் படுத்திருந்த இரும்புக் கட்டிலை வீட்டில் வைக்கக் கூடாது என்று சொந்தக்காரர்கள் ஒரே பிடிவாதம். எடைக்குப் போட்டால் 500 ரூபாய் என்றார்கள். அதே வாரம்தான் அந்தச் சகோதரி கோழிக்கூடு வாங்க 6,000 ரூபாய் உள்கடன் கேட்டிருந்தார். நாங்கள் உட்கார்ந்து யோசித்தோம். தெருவில் யார் வீட்டுக் கோழியானாலும் அடை வைத்துக் கொடுத்த கை அந்த அம்மாவின் கை. அவர் கட்டிலில் கோழி அடைந்தால் என்ன குறை? கட்டில் வீட்டுக்குள்ளே இல்லை, கொல்லையில்தானே என்று எல்லோரையும் சமாதானப்படுத்தினோம். நாத்தனார் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

வேலை இரண்டு நாள். கட்டில் 6 அடிக்கு 3 அடி. ஒரு கோழிக்கு ஒன்றரை சதுர அடி என்று வைத்தால் 12 கோழி ராத்திரி தங்கலாம். நாடாவை அறுத்துவிட்டு, மூங்கில் பிளாச்சுகளை விரல் கனம் இடைவெளி விட்டுக் கட்டுக்கம்பியால் கட்டினோம். எச்சம் கீழே விழுந்துவிடும், கூடு ஈரமாகாது. குஞ்சுகளுக்குக் கால் மாட்டாமல் ஒரு ஓரம் சாக்கு விரித்தோம். நான்கு மூலையிலும் மூங்கில் நட்டு, சுற்றிலும் கம்பிவலை. கூரைக்குப் பழைய பீரோவின் முதுகுத் தகடு. நம்ம ஊர் வெயிலுக்குத் தகடு மட்டும் இருந்தால் கோழி வெந்துபோகும், அதனால் மேலே தென்னங்கீற்று. கட்டில் கால் துருப்பிடிக்காமல் அடியில் கல் வைத்தோம்.

ஒரு தப்பும் செய்தோம். விலை குறைவு என்று அகலக் கண் வலை வாங்கினோம். மூன்றாம் நாள் ராத்திரி பூனை வலைக்குள் காலை விட்டு 4 குஞ்சுகளை இழுத்துவிட்டது. அந்தச் சகோதரி அழுததை இன்னும் மறக்கவில்லை. பிறகு அரை அங்குலக் கண் வலை போட்டோம். வலையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீங்க.

இன்னொன்று பெயிண்ட். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த பெயிண்டில் ஈயம் கூடுதலாக இருக்கலாம். உரிந்து விழுவதைக் கோழி கொத்தினால் முட்டையிலும் சேரும். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் விஷம் அது. ஆகவே கட்டிலை நனைத்து, கீழே சாக்கு விரித்து, பிள்ளைகளைத் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டுச் சுரண்டினோம். காய வைத்துத் தேய்த்தால் தூசி மூக்கில் ஏறும். பெயிண்ட் அடித்த பலகையை அடுப்பிலும் வைக்காதீங்க. அந்த மாதிரி மேசை டிராயரில் கீரை வேண்டாம், கனகாம்பரம் வைக்கலாம்.

பழைய பிரிட்ஜைக் கொல்லையில் போடுபவர்கள் முதலில் கதவைக் கழற்றிவிடுங்கள். ஒளிந்து விளையாடும் குழந்தை உள்ளே மாட்டினால் மூச்சு முட்டிப் போகும். பீரோவுக்கும் அப்படித்தான். எதிலும் மழைத்தண்ணீர் ஒரு வாரம் நிற்க விடாதீங்க, டெங்கு கொசு அதற்குள் வளர்ந்துவிடும்.

எல்லாவற்றையும் அறுத்துவிடவும் வேண்டாம். பழு என்றால் ஆலமரம். மரத்தின் பெயரைக் கொண்ட ஊர்க்காரர்கள் நாம், தேக்குக் கதவை விறகு விலைக்குக் கொடுக்கிறோம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய கதவு, தூண், நிலை விற்பதற்கென்றே கடைகள் இருக்கின்றன. தேக்கா வேம்பா என்று ஆசாரியிடம் கேட்டுவிட்டு அப்புறம் ரம்பத்தை எடுங்க.

அந்தச் சகோதரி உள்கடன் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வலை, மூங்கில், கம்பிக்கு ஆனது 1,400 ரூபாய். நாத்தனார் போன மாதம் வந்து 10 முட்டை வாங்கிப் போனார், காசு கொடுத்துத்தான்.

அடுத்த கூட்டத்தில் உடைந்த பெஞ்சு ஒன்றில் தொட்டி மேடை செய்து பார்ப்போம். ரம்பம், சுத்தியல் வைத்திருப்பவர்கள் கொண்டு வாங்க.