இடம் மாறினால் எரிபொருளும் மாறும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மெக்கானிக்கல் படித்தவனுக்குச் சிறுநீரகப் புற்றுநோயில் என்ன வேலை என்று கேட்பீர்கள். விஷயம் எரிபொருளைப் பற்றியது. அதனால் நமக்கும் கொஞ்சம் உரிமை உண்டு!

இந்தப் புற்றில் அதிகம் காணப்படுவது 'கிளியர் செல்' வகை. இதில் பெரும்பாலும் வி.எச்.எல். என்ற ஜீன் பழுதாகிவிடுகிறது. ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தாலும், 'ஆக்சிஜன் இல்லை, இல்லை' என்று செல்லுக்குள் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். அதனால் செல் குளுகோஸை முழுதாக எரிப்பதில்லை. செல் ஆக்சிஜனை உணரும் இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்த மூவருக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதெல்லாம் கட்டி சிறுநீரகத்தில் இருக்கும்வரை. அது நுரையீரல், எலும்பு, கல்லீரல் என்று பரவிவிட்டால்?

அமெரிக்காவில் டாலஸ் நகர ஆய்வாளர்கள், 80-க்கும் மேற்பட்ட சிறுநீரகப் புற்று நோயாளிகளுக்கு, கதிர்வீச்சு இல்லாத கார்பன்-13 அடையாளமிட்ட சத்துகளை ரத்தத்தில் செலுத்தி, அகற்றிய கட்டிகளில் அவை எங்கே போயின என்று பார்த்தார்கள். முடிவு 2024-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. சிறுநீரகத்தில் மந்தமாகக் கிடந்த மைட்டோகாண்ட்ரியா, பரவிய கட்டிகளில் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது! எலிகளில் அந்த வேலையைத் தடுத்தபோது பரவல் குறைந்தது.

காரணம் என்ன? செல்லே மாறியிருக்கலாம். அக்கம்பக்கமும் காரணமாக இருக்கலாம். சிறுநீரகக் கட்டியைச் சுற்றியுள்ள திரவத்தை இன்னொரு குழு சோதித்தது. அதிலுள்ள சத்துகள் பெரும்பாலும் பக்கத்திலுள்ள நல்ல சிறுநீரகத் திசுவில் இருப்பவை போலவே இருந்தன. அதாவது, பந்தியில் என்ன பரிமாறுவது என்று தீர்மானிப்பது பெரும்பாலும் உறுப்புதான், கட்டி அல்ல. வேறு உறுப்புக்குப் போனால் வேறு சாப்பாடு. விதை மட்டும் போதாது, நிலமும் ஒத்துவர வேண்டும் என்று ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1889-லேயே எழுதிவிட்டார்.

இது ஏன் முக்கியம்? உயிரைப் பறிப்பது பெரும்பாலும் பரவிய புற்றுதான். சிறுநீரகத்தில் எடுத்த துண்டை மட்டும் வைத்து, 'இதன் எரிபொருள் குழாயை அடைப்போம்' என்று மருந்து தேடினால், நுரையீரலில் உள்ளது வேறு குழாயில் ஓடிக்கொண்டிருக்கும். மைட்டோகாண்ட்ரியாவையே நிறுத்திவிடலாமே என்றால், நம் இதயமும் மூளையும் அதை நம்பித்தானே இருக்கின்றன! எலியில் பலித்தது மனிதருக்கு உடனே மருந்தாகிவிடாது.

எஞ்சினை மட்டும் பார்க்காதே, அது ஓடும் இடத்தையும் பார் என்று நமக்கு இங்கே சொல்லிக்கொடுத்தார்கள். புற்றுநோய் ஆய்வாளர்களும் இப்போது அதைத்தான் செய்கிறார்கள். கருவி, இரசாயனம், கம்ப்யூட்டர் படித்த நம் பிள்ளைகளுக்கு அங்கே நிறைய வேலை காத்திருக்கிறது.