போணியும் ஃபோனியும்

மைசூரில் காலை வேளையில் தேவராஜ மார்க்கெட்டுக்குச் செல்வோர் ஒரு சொல்லைத் தவறாது கேட்கலாம். முதல் மாலை விற்றதும் பூக்காரர் காசைக் கண்களில் ஒற்றிக்கொண்டு, 'போணி' ஆயிற்று என்று மகிழ்வார். தமிழரும் கன்னடரும் ஒருங்கே வழங்கும் மங்கலச் சொல் அது. ஏறக்குறைய அதே ஒலியுடைய ஆங்கிலச் சொல் 'ஃபோனி'. பொருளோ நேர்மாறானது. உள்ளத்தில் இல்லாததை உள்ளதுபோல் காட்டுபவரை இகழும் சொல் அது. 1951ஆம் ஆண்டில் வெளிவந்த சாலிஞ்சரின் 'தி கேச்சர் இன் தி ரை' என்னும் நாவலில், கதை சொல்லும் இளைஞன் தான் காணும் பலரையும் இச்சொல்லால்தான் ஏசுகிறான்.

இதன் பிறப்பை அகராதி அறிஞர் பலர் ஒரு மோதிரத்தோடு இணைத்துக் கூறுவர். முற்காலத்து இங்கிலாந்தில் எத்தர்கள், பொன்முலாம் பூசிய பித்தளை மோதிரத்தைத் தெருவில் நழுவவிட்டு, தற்செயலாகக் கண்டெடுத்ததுபோல் நடித்து, வழிப்போக்கரிடம் பொன்னென்று விற்பார்களாம். அந்த மோதிரத்திற்கு அவர்கள் வைத்த குழூஉக்குறியே, மோதிரத்தைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லிலிருந்து வந்து, பின்னர் இவ்வாறு திரிந்தது என்பர். நம் இல்லங்களில் அணியும் கவரிங் நகையும் முலாம் பூசியதுதான். ஆயினும், கவரிங் என்று சொல்லியே விற்கும் வணிகரை எவரும் எத்தர் என்பதில்லை. குற்றம் முலாமில் இல்லை. பொன் என்று சொல்லும் சொல்லில் இருக்கிறது.

இதனைத் தமிழாக்க முனைந்தால், 'போலி' என்ற சொல்லே முதலில் வந்து நிற்கும். இலக்கணத்தில் போலி குற்றமற்றது. அறம் என்பது அறன் என வந்தாலும் பொருள் மாறுவதில்லை, எவரும் ஏமாறுவதுமில்லை. இன்றைய வழக்கிலோ போலி மருத்துவர் என்றால், தகுதியின்றி மருத்துவம் பார்த்துச் சட்டத்தின் பிடிக்கு உள்ளாகிறவர் என்று பொருள். அரசுப் பணியில் மொழிபெயர்ப்பை மேற்கொண்ட தொடக்க நாளில், நாம் ஒரு முறையீட்டில் இவ்விடத்தில்தான் இடறினோம். மருத்துவர் அக்கறை உள்ளவர்போல் நடிக்கிறார் என்பதே முறையிட்டவரின் மனத்தாங்கல். நாமோ போலி மருத்துவர் என்று எழுதிவிட்டோம். மூத்தவர் ஒருவர் கண்டு திருத்தினார். இல்லையேல் நம் ஒரு சொல்லால் ஒருவருடைய பட்டமே ஐயத்திற்கு உள்ளாகியிருக்கும்.

'ஹிப்போகிரிட்' என்பது வேறு. கிரேக்க மொழியில் மேடை நடிகரைக் குறித்த சொல்லின் வழிவந்தது. சொல் ஒன்றும் செயல் ஒன்றுமாக வாழ்பவரைச் சுட்டுவது. அதற்கு 'வேடதாரி' பொருந்தும். கன்னடத்தார் 'ஆஷாடபூதி' என்பர். பஞ்சதந்திரக் கதையில் சீடனாக நடித்துத் துறவியின் பொருளைக் கவர்ந்தவன் பெயர் அது. வள்ளுவர் இவ்வகையினருக்காகவே 'கூடாவொழுக்கம்' என ஓர் அதிகாரம் வகுத்தார். 'ஃபோனி'க்கோ 'பாசாங்குக்காரர்' என்பதே நெருங்கி வரும்.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. மைசூருக்கு வந்த புதிதில் அண்டை வீட்டார் நாள்தோறும், "ஊட்ட ஆய்த்தா?" என்று கேட்பார், மறுமொழிக்குக் காத்திராமல் நடந்துவிடுவார். உதட்டளவு உபசாரம், வெறும் பாசாங்கு என்று நாம் வீட்டில் முணுமுணுத்ததுண்டு. நம் ஊரில் "சாப்பாடு ஆயிற்றா?" என்று நாம் கேட்பதும் இலை போடுவதற்காக அன்று என்பதை ஏனோ மறந்தோம். அன்றாட மரியாதை கவரிங் நகை போன்றது. அதனைப் பொன்னென்று சொல்லி எவரும் நம்மிடம் விற்கவில்லை.

ஓர் இரவு எம் இல்லத்தில் நோய் கண்டபோது, மொழி தெரியாமல் திகைத்து நின்ற எம்மை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, விடியும்வரை உடனிருந்தவர் அவரே. பிறர்மேல் ஒரு சொல்லைச் சுமத்துமுன் அதனை உரைகல்லில் உரசிப் பார்ப்பது நன்று. மறுநாள் காலையில் அவர் வழக்கம்போல், "ஊட்ட ஆய்த்தா?" என்றார். இம்முறை நாம் நின்று மறுமொழி சொன்னோம்.