கூத்தாடி என்னும் சொல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



ஆடல் உலகைச் சார்ந்த கொச்சைச் சொற்கள் சில எங்கே பிறந்தன என்பது பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன். அதற்கு முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மிஷன் பாடசாலை விடுதியில் நான் படித்த காலத்தில், விடுமுறைதோறும் ஊரிலே கூத்துப் பழகிவந்த தோழன் ஒருவனைக் “கூத்தாடி, கூத்தாடி” என்று அழைத்துச் சிரித்தோம். மறுவருடம் அவன் சதங்கை கட்டவில்லை.

கூத்து என்றால் ஆடல். தில்லையில் ஆடும் பெருமானைக் கூத்தப்பிரான் என்று கைகூப்புகிறோம். வீட்டுக்கு வந்ததும், “என்ன கூத்தடிக்கிறாய்?” என்று பிள்ளையை அதட்டுகிறோம். சந்நிதியிலே திருநாமமான சொல் வீதியிலே வசவாகிவிட்டது.

‘சின்னமேளம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நாகசுரமும் தவிலும் சேர்ந்த குழு பெரியமேளம். ஆடும் பெண்ணும், தாளம் தட்டி ஆட்டுவிக்கும் நட்டுவனாரும், பக்கவாத்தியக்காரரும் சேர்ந்த குழு சின்னமேளம். சொல்லிலே இழிவு ஏதுமில்லை. கோயில்களில் இவ்வாட்டம் கூடாதென்று 19ஆம் நூற்றாண்டிலே ஆறுமுக நாவலர் கண்டித்தார். வழக்கத்தின் மேல் எழுந்த கண்டனம் நாளடைவில் ஆடியவர் மேல் ஏளனமாக இறங்கிற்று.

‘தேவரடியார்’ என்பதன் பொருள் இறைவனுக்கு அடியவர் என்பதே. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலிலே 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, ஒருத்திக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் வகுத்தான். அவர்கள் பெயரெல்லாம் கல்லிலே வெட்டப்பட்டுள்ளன. அரசர் ஆதரவு போயிற்று, வாழ்வு குலைந்தது. ‘தேவரடியார்’ என்ற பெயரும் திரிந்து, இச்சபையிலே சொல்லக் கூசும் வசையாயிற்று.

1932இல் சென்னைச் சங்கீத வித்வத் சபை, ‘சதிர்’ என வழங்கிய ஆடலுக்குப் ‘பரதநாட்டியம்’ என்னும் பெயரை ஏற்றுக்கொண்டது. கலை மேடையேறிற்று, மகிழ்ச்சியே. ஆனால் புதிய பெயர் கலைக்குக் கிடைத்தது. பழைய வசவோ, அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பங்களுக்கு மிஞ்சிற்று. இது நீதியா?

நமது நாட்டிலே வேறொரு வழியும் கண்டோம். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். கூத்து என்ற பெயரை அவர் மாற்றவில்லை. பட்டப்படிப்பு மாணவர் அண்ணாவியாரிடம் ஆட்டம் பழகியபோது அப்பெயருக்கே மதிப்பு வந்தது.

தோழர்களே, சொல்லுக்குத் தானாக அழுக்கு ஏறுவதில்லை. சொல்லும் வாய்தான் அதை ஏற்றுகிறது. ஆகவே துடைக்கும் கடமையும் நம்முடையதே. இப்பேச்சை எழுதத் தொடங்குமுன் அந்தத் தோழனுக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினேன். மறுமொழி இன்னும் வரவில்லை. வரும் திருவிழாவிலே கூத்துக் களரிக்கு நான் போவேன். அவன் அங்கே நின்றால், கூத்தன் என்று வாயார அழைப்பேன்.