புதிய வண்டியும் பழுதும்: சட்டம் யார் பக்கம்?

(நமுனுகுலவில் ஆற்றிய உரை)



புது வண்டி வாங்கினால் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது நமது வழக்கம். அமெரிக்கரோ, பழுதோடு வந்த புது வண்டியையே எலுமிச்சம்பழம் என்பர். அத்தகைய வண்டியைத் தயாரித்தவன் தலையிலேயே திருப்பிக் கட்டும் சட்டத்தை 1982 இல் கனெற்றிக்கட் மாநிலம் இயற்றியது. நான்கு முறை திருத்தியும் பழுது தீராவிடில், அல்லது வண்டி முப்பது நாள் பட்டறையில் கிடந்தால், புது வண்டியோ பணமோ கேட்கலாம் என்பது அதன் சாரம்.

இலங்கையில் அத்தகைய தனிச் சட்டம் இல்லை. அதனால் நாம் கையறு நிலையில் இருக்கிறோமா? இல்லை!

1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. என்ன தேவைக்கு என்று சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கிய பொருள் அத்தேவைக்கு உதவ வேண்டும் என்கிறது அச்சட்டம். ஆகவே, மரக்கறி மூட்டையுடன் பசறை ஏற்றத்தில் ஓட வேண்டிய லொறி இது என்று கமக்காரர் முன்னதாகவே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். பிறகு, “உங்கள் மலைப்பாதையின் குற்றம்” என்று தப்புவது விற்றவருக்கு எளிதன்று.

“கம்பனியின் பெயரைச் சொல்லித்தானே வாங்கினீர்” என்பார்களா? 1925 ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் உள்ள போல்ட்ரி எதிர் மார்ஷல் வழக்கைக் காட்டுவோம். சுகமான பயணத்துக்குக் கார் கேட்டவருக்குப் புகாட்டி காரைச் சிபாரிசு செய்து விற்றனர். அது அதற்கு உதவவில்லை. பெயரைச் சொல்லும் அந்த வாதத்தை இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆனால், உரிமை உறங்குபவனுக்கு உதவாது. பொருளை மறுக்கிறோம் என்று அறிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தால், அதை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். பின்னர் நட்டஈடு கேட்கலாமேயன்றி வண்டியைத் திருப்ப இயலாது.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் முறையிடலாம். விசாரித்து, நட்டஈடோ மாற்றுப் பொருளோ பணமோ கொடுக்கும்படி கட்டளையிட அதற்கு அதிகாரமுண்டு. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும்; விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் சேர வேண்டும்.

இங்கேதான் கண்ணி இருக்கிறது. “இன்று விடுங்கள், நாளை எடுங்கள்” என்று பட்டறை நம்மை அலைக்கழிக்கிறது. ஐந்தாம் தடவை போகும்போது மூன்று மாதம் முடிந்துவிடுகிறது! நகையை அடகு வைத்தவரின் வண்டி படுத்துக்கிடக்க, மாதத் தவணை மட்டும் படுக்காமல் ஓடுகிறது. ஆகையால் திருத்த வேலை நடக்கும்போதே முறைப்பாட்டைப் பதிவு செய்யுங்கள். வண்டியை ஒப்படைத்த நாள், மீட்ட நாள், சொன்ன பழுது ஆகிய மூன்றும் உள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல் நீதிமன்ற வாசலைத் தாண்டாது. தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியே, தமிழிலேயே எழுதுங்கள்!

இத்துடன் அமைதல் ஆகாது. 2020 இல் தடைப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியது. வண்டிகளுக்குக் கதவு திறந்த அரசு, வாங்குபவருக்குக் காவல் வைக்க வேண்டாமா? சிங்கப்பூர் 2012 இல் வழி காட்டியது. விநியோகித்து ஆறு மாதத்துள் தோன்றும் பழுது, கொடுத்தபோதே இருந்ததாக அங்கே கொள்ளப்படும். இல்லை என்று நிறுவுவது விற்றவர் பொறுப்பு. இயந்திரத்தின் உள்ளே நடப்பதை அறிந்தவர் அவரே அல்லவா? தேயிலைக் கொழுந்து பறிப்பவரும் உருளைக்கிழங்கு கிண்டுபவரும் அதை எவ்வாறு நிறுவுவர்?

நிறுவும் சுமை விற்றவர் மேல் விழ வேண்டும். மூன்று மாதத் தவணை நீள வேண்டும். வாக்குக் கேட்டு மலையேறி வரும் ஒவ்வொருவரிடமும் இவ்விரண்டையும் கேட்போம். அதுவரை, உள்ள சட்டத்தை ஒரு நாளும் துருப்பிடிக்க விடோம்!