வில்லங்கம் பார்த்து மனை வாங்குக
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நம்மவருட் பலர் தம் ஆயுட்காலச் சம்பாத்தியம் முழுவதையும் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கங்களில் ஒரு மனை வாங்குவதிலேயே செலவிடுகின்றனர். ஏரிகள் மலிந்த இப்பிரதேசத்தில், மனையென்று வாங்கிய இடம் பின்னர் நீர்நிலைப் புறம்போக்கென்று தெரியவருமாயின் அக்குடும்பத்தின் கதி யாதாகும்?

முற்காலத்தில் நிலக்கணக்கு கிராமக் கர்ணத்தின் பெட்டிக்குள் இருந்தது. அவர் தயவின்றிக் குடியானவன் தன் நிலத்தின் கணக்கையும் காண்பதரிது. கர்ண உத்தியோகம் 1980-இல் ஒழிந்தது. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவோ, ஜனங்கள் கேளாமலே விவரங்களை வெளியிடுதல் அரசாங்க ஸ்தாபனங்களின் கடமையென்று விதித்தது. இன்று ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ என்னும் தமிழக அரசின் இணையதளத்தில் பட்டா, ‘அ’ பதிவேடு முதலியவற்றைக் காணலாம். ஒரு புல எண் அரசுப் புறம்போக்கா என்பதையும் சரிபார்க்கலாம். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்வையிடலாம்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. அம்பத்தூர் வட்டம் 2018-இல் சென்னை மாவட்டத்துடன் சேர்க்கப்பட்டது. ஆவடியும் பூவிருந்தவல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளன. மாவட்டத்தைத் தவறாகக் குறித்தால் கணக்கு அகப்படாது.

ஆயினும், திரையிற் கண்டதே முடிவன்று. கணினியில் ஏறாத பழைய பத்திரங்களைச் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே தேடவேண்டும். பதிவு பெறாத கடனும், வாரிசுகளின் தகராறும் வில்லங்கச் சான்றில் தோன்றா. ஆதலின் மூலப்பத்திரங்களை ஒரு வக்கீலிடம் காட்டுதலும் அவசியமே.

“இவையெல்லாம் அறியாத முதியோர் என்செய்வர்?” என்று வினவலாம். நியாயமான கேள்வியே. இ-சேவை மையங்கள் பல காரியங்களுக்கு உதவுகின்றன. ஆனால் அம்மையத்தார் நம் பத்திரத்தை நமக்காகப் படித்து எச்சரிப்பதில்லை. அது நம் வாலிபர்களின் கடமை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படித்த இளைஞர் இருவர் நம் சங்கக் கட்டிடத்தில் அமர்ந்து, வருவோர்க்குப் பட்டாவும் வில்லங்கமும் பார்த்துக் கொடுத்தால் எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கும். அதைச் செய்யோமாயின், அன்று கர்ணத்தின் பெட்டியில் இருந்த கணக்கு இன்று தரகரின் கைப்பேசியில் இருக்கும். நம் நிலைமை மட்டும் மாறியிராது.

சர்க்கார் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே நுழைந்து பார்ப்பது நம் பொறுப்பு. இவ்வேற்பாட்டை இக்கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றுமாறு வேண்டுகின்றேன்.